ரவி வர்மா வெறும் காலண்டர் ஓவியரா? – கேள்வி பதில்

தூரிகை77: ராஜா ரவி வர்மான்னாலே காலண்டர் சாமி படம் போட்டவர்னு சொல்றாங்க, அவ்ளோதானா சார்?

பதில்: இல்லவே இல்லைங்க. நாம வீட்ல பாத்தது அவர் ஓவியத்தோட அச்சு. 1894ல பம்பாய்ல பிரஸ் ஆரம்பிச்சாரு, கல்லுல படத்த வரைஞ்சு அச்சடிக்கிற முறை, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி கல்லு, ஒண்ணு மேல ஒண்ணா அடிப்பாங்க, கல்லுல வரைஞ்சதெல்லாம் வேற ஆளுங்க, அதனால முகத்துல இருந்த உயிரெல்லாம் போயி பவுடர் பூசின மாதிரி ஆயிடும். கடைசில பிரஸ்ஸ ஒரு ஜெர்மன்காரர்கிட்ட வித்துட்டாரு, அதுக்கப்புறமும் அவர் பேர்ல படம் வந்துட்டேதான் இருந்துச்சு. அத வச்சு அவர எடை போடுறது எனக்கு மனசே ஆறல.

மண்வாசனை: ஆனா வெள்ளைக்காரன் பாணியதானே எடுத்துக்கிட்டாரு?

பதில்: கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமியும் கிட்டத்தட்ட இததான் சொன்னாரு, நாடகத்தனமா இருக்கு, இந்திய உணர்வு இல்லன்னு. பெரிய அறிஞர்தான், ஆனா இதுல நான் ஒத்துக்க மாட்டேன். ஆயில் பெயின்ட் வெளியூர் சரக்குதான், திருவாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மாட்டேன்னுட்டாரு, அங்க வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரையறத பக்கத்துல நின்னு பாத்தே கத்துக்கிட்டாரு. ஆனா வரைஞ்சது யார? 1893ல வரைஞ்ச 'அதோ அப்பா வர்றாரு' படத்த பாருங்க, நாயர் வீட்டுப் பொண்ணு இடுப்புல குழந்தையோட நிக்கிறா, கால்கிட்ட நாய், எங்கயோ கை காட்டுறா, அப்பா படத்துலயே கிடையாது. மருமக்கத்தாய வீட்ல, அதாவது அம்மா வழியில வாரிசு போற வீட்ல, புருஷன் வந்து போற ஆளுதானே! மாடல் அவரோட சொந்த மகள். இத எந்த ஐரோப்பாக்காரன் வரைஞ்சிருப்பான்?

கரிசல்: எல்லா தேவியும் செவப்பா, பணக்கார வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே?

பதில்: இது நியாயமான குத்தம், நான் முட்டுக் கொடுக்க மாட்டேன். அரண்மனைக்கும் மேல்சாதி வீட்டுக்கும் வரைஞ்சவரு, அழகுன்னா அந்த நிறம்தான்னு ஆக்கினதுல அவருக்கும் பங்கு இருக்கு. அதே நேரம் கோயிலுக்குள்ள விடாத மனுஷங்க வீட்டுக்குள்ளயும் அந்த அச்சுப் படம்தான் சாமியக் கொண்டு போச்சு. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

தூரிகை77: ஒரிஜினல் எங்க பாக்கலாம்?

பதில்: திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துல இருக்கிற கேலரி, மைசூர் ஜகன்மோகன் அரண்மனை, பரோடா. அவர் படங்கள 1979ல தேசியப் பொக்கிஷம்னு அறிவிச்சதால வெளிநாட்டுக்குப் போகாது. முதல்ல திருவனந்தபுரம் போய் சகுந்தலைய பாருங்க. முள்ளு எடுக்கிற சாக்குல காலத் தூக்கி துஷ்யந்தனத் திரும்பிப் பாக்குறா, இன்னொரு கை தோழி தோள்ல. அந்தக் கையில எவ்ளோ பாரம் விழுதுன்னு கிட்டப்போய் கவனிங்க.