பாரிஸ், நீஸ் எல்லாம் பார்த்தாயிற்று. பிரான்சில் வரலாறு உள்ள சின்ன ஊர் ஒன்று சொல்லுங்களேன்?

என்னைக் கேட்டால் ஏக்மோர்த். தெற்கே கமார்க் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் கோட்டை மதில், இன்றும் முழுசாக. மேலே ஏறி ஒரு சுற்று வந்தால் 1,634 மீட்டர்.

13ஆம் நூற்றாண்டில் அரசர் ஒன்பதாம் லூயிக்கு மத்தியதரைக் கடலில் சொந்தத் துறைமுகம் கிடையாது. மார்செய் துறைமுகம் அவர் கையில் இல்லை. ஒரு மடத்திடமிருந்து இந்தச் சேற்று நிலத்தை வாங்கி ஊரையே உண்டாக்கினார். 1248இல் எகிப்துக்கும் 1270இல் துனிசுக்கும் சிலுவைப் போருக்காக இங்கிருந்துதான் கப்பலேறினார். இரண்டாவது முறை போனவர் திரும்பவில்லை. மதிலைக் கட்டியதெல்லாம் அப்புறம் வந்தவர்கள். கடல் மதிலடியில் இருந்து பிறகு பின்வாங்கியது என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அப்போதும் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போனார்கள். கால்வாய் தூர்ந்தது, 1481இல் மார்செயும் பிரான்சோடு சேர்ந்தது, ஏக்மோர்த் துறைமுகம் படுத்துவிட்டது.

நேரம் குறைவென்றால் கான்ஸ்டன்ஸ் கோபுரத்தை மட்டுமாவது பாருங்கள். சுவரின் கனமே 6 மீட்டர். பிற்காலத்தில் புராட்டஸ்டண்ட் பெண்களை அடைத்த சிறை இது. மாரி துரானை 1730இல் கொண்டுவந்தபோது அவருக்கு வயது 19. அண்ணன் புராட்டஸ்டண்ட் போதகர், அதுதான் குற்றம். மதத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை, 1768 வரை, 38 வருடம் உள்ளேயே இருந்தார். மேல் அறைத் தரையின் நடுவில் ஒரு வட்டத் துளை, அதன் கல் விளிம்பில் 'எதிர்த்து நில்' என்ற பொருளில் ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல் கீறியிருக்கிறது. கீறியது அவர்தான் என்பது ஊர் வழக்கு.

ஊருக்கு வெளியே உப்பளம். கோடையில் பாத்தித் தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். உப்பு நீரில் வளரும் ஒரு பாசியின் வேலை. அதைத் தின்னும் குட்டி இறாலைத் தின்றுதான் அங்குள்ள பூநாரைகளுக்கும் அந்த நிறம். படம் எடுக்க எல்லோரும் வருகிற இந்த இடத்தில்தான் 1893 ஆகஸ்டில், வேலைப் போட்டியில் மூண்ட கலவரத்தில், உப்பு வார வந்த இத்தாலியக் கூலிகள் குறைந்தது 8 பேரைக் கொன்றார்கள். வழக்கில் எல்லோரும் விடுதலை.

நீம் நகரிலிருந்து ரயில் உண்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆரஞ்சுப் பூ நீர் மணக்கும் ஃபுகாஸ் என்ற இனிப்பு ரொட்டியைச் சாப்பிடாமல் வராதீர்கள். மதில்மேல் ஒதுங்க நிழல் இல்லை, ஜூலை ஆகஸ்டில் போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். சாயங்காலம் கொசு பிடுங்கும்.