இணையதளத்துக்கு எந்த நிறம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை நடத்துகிறோம். கடைப் பலகையில் இருக்கும் சிவப்பையும் மஞ்சளையும் அப்படியே எங்கள் இணையதளத்திலும் வைத்தோம். எழுத்துகளைப் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். படத்தில் பார்த்த நிறம் கைக்கு வந்த சேலையில் இல்லை என்று சிலர் திருப்பியும் அனுப்பிவிடுகிறார்கள். நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? (காஞ்சிபுரம் வாசகி)

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு என்பதால், தனித்தனியாகவே பார்ப்போம்.

எழுத்தைப் படிக்க உதவுவது இரண்டு நிறங்களுக்கு இடையே உள்ள வெளிச்ச வேறுபாடு. அவை எந்த நிறங்கள் என்பது அதற்கு அடுத்தபடிதான். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி (உடற்குறை உள்ளவர்களும் தளங்களைப் பயன்படுத்த உதவுவது) இந்த வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் விகிதம் 21; இரண்டும் ஒரே நிறம் என்றால் 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய தலைப்புகளுக்குக் குறைந்தது 3 இருக்க வேண்டும் என்பது அதன் பரவலாகப் பின்பற்றப்படும் நிலை. கலப்பற்ற சிவப்பின் மேல் கலப்பற்ற மஞ்சள் எழுத்தை வைத்தால் விகிதம் ஏறக்குறைய 3.7-தான் வருகிறது. தெருவில் பத்தடி உயரத்தில் தொங்கும் பலகைக்கு இது போதும். சேலையின் நீளம், அகலம், துவைக்கும் முறை ஆகியவற்றைச் சிறிய எழுத்தில் கைப்பேசியில் படிப்பவருக்குப் போதாது.

இதற்காக உங்கள் கடை நிறங்களைக் கைவிட வேண்டியதில்லை. சிவப்பை ஆழமாக்கி அரக்கு நிறமாக மாற்றுங்கள். இணையதள நிறக் குறியீட்டில் சொன்னால் #800000. அதே மஞ்சளோடு அதன் விகிதம் 10-ஐத் தாண்டிவிடும், வெள்ளையோடு ஏறக்குறைய 11 ஆகிவிடும். மஞ்சளை மட்டும் வெள்ளையின் மேல் எழுத்தாக வைக்கவே வைக்காதீர்கள், ஏனென்றால் அந்தச் சேர்க்கையின் விகிதம் 1.1-ஐக்கூட எட்டுவதில்லை. நம் கண் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7 என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. திரையில் பச்சையும் சிவப்பும் சேர்ந்து உண்டாகும் மஞ்சள் வெள்ளைக்கு மிக அருகில் நின்றுவிடுவதும், கலப்பற்ற நீலம் வெள்ளையின் மேல் 8.6 என்ற நல்ல விகிதத்தோடு தெளிவாகத் தெரிவதும் இதனால்தான். இரண்டு நிறங்களின் குறியீட்டை இட்டால் விகிதத்தைச் சொல்லிவிடும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. தளத்தை வடிவமைத்தவரிடம் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, சேலை நிறம் மாறித் தெரிவது. இது இணையத்துக்கு முன்பே நெசவுத் தொழில் சந்தித்த சிக்கல். பாரிஸில் கோபலான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரலிடம், அங்கே சாயமேற்றிய கறுப்பு நூலில் ஆழம் போதவில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை. அந்தக் கறுப்பு நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதுதான் காரணம் என்று தெரிந்தது. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றிவிடுகின்றன என்னும் அந்த விதியை அவர் 1839-இல் நூலாகவே வெளியிட்டார். உங்கள் தளத்தின் சிவப்புப் பின்னணி செய்வதும் அதுவே. அதன் நடுவில் வைத்த வெங்காயச் சருகு நிறச் சேலை தன் இளஞ்சிவப்புச் சாயலை இழந்து வெளிறித் தெரியும், கிளிப்பச்சைச் சேலையோ உள்ளதைவிடத் துடிப்பாகத் தெரியும். சேலைப் படம் வரும் பக்கங்களில் பின்னணி வெள்ளையாகவோ மிக வெளிர்ந்த சாம்பலாகவோ இருக்கட்டும். அரக்கும் மஞ்சளும் மேற்பட்டையிலும் 'வாங்க' என்னும் பொத்தானிலும் மட்டும் இருந்தால் போதும். விற்பனைக்கு உள்ள சேலைகளே அத்தனை நிறங்களைத் திரைக்குக் கொண்டு வரும்போது, தளமும் அவற்றோடு போட்டி போட வேண்டிய தேவை இல்லை.

வாங்குபவரின் கைப்பேசி நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் அமைப்பில் இருந்தால் அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மயில் கழுத்து நிறம் போலப் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) வெவ்வேறு நிறத்தில் ஓடும் சேலைகள் பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுவதால், எந்த ஒரு படமும் அவற்றை முழுமையாகக் காட்டாது. அவற்றுக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்த சிறு காணொளி ஒன்றைச் சேர்த்து, பாவு இன்ன நிறம், ஊடை இன்ன நிறம் என்று எழுத்திலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் தேர்வு முடிவுப் பக்கத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் பச்சையிலும் மற்றவை சிவப்பிலும் வருகின்றன. இரண்டும் தமக்கு ஒன்றுபோலத் தெரிவதாக ஒரு மாணவரின் தந்தை சொல்கிறார். அவருக்காக நிறத்தை மாற்ற வேண்டுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: மாற்ற வேண்டும், அவர் ஒருவருக்காக மட்டும் அல்ல. சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர்வதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்தக் குறை ஆண்களிடமே மிகுதி. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. நம்மிடையே விகிதம் அதைவிடக் குறைவு என்றாலும், ஒரு பள்ளியின் பெற்றோர்களில் சிலராவது இருப்பார்கள். ஃபேஸ்புக்கை நிறுவிய மார்க் சக்கர்பெர்க்கும் இவர்களில் ஒருவர்தான். தமக்கு நன்றாகத் தெரியும் நிறம் நீலம் என்பதை அந்தத் தளத்தின் நீலத்துக்குக் காரணமாக அவர் சொல்லியிருக்கிறார்.

கலப்பற்ற சிவப்புக்கும் #008000 என்ற வழக்கமான பச்சைக்கும் உள்ள வெளிச்ச விகிதம் 1.3-ஐ எட்டுவதில்லை. ஆகவே நிற வேறுபாட்டை உணராதவருக்குப் பற்றிக்கொள்ள வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் 'தேர்ச்சி' அல்லது 'மறுதேர்வு' என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அதன்பின் பச்சையும் சிவப்பும் இருந்தாலும் கெடுதல் இல்லை. தளத்தின் மற்ற பக்கங்களையும் சோதிக்க விரும்பினால், கைப்பேசி அமைப்புகளில் திரையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் எது இணைப்பு, எது பொத்தான், எது எச்சரிக்கை என்று தெரிந்தால் உங்கள் நிறத் தேர்வு சரியாக இருக்கிறது.

கேள்வி: நீலம் நம்பிக்கை தரும், சிவப்பு பசியைத் தூண்டும், பச்சை அமைதி தரும் என்று பட்டியல் போடுகிறார்களே, அதைப் பின்பற்றலாமா? (மதுரை வாசகர்)

பதில்: நான் பின்பற்றுவதில்லை. பாரத ஸ்டேட் வங்கி நீலத்தைக் கொண்டிருக்கிறது, ஐசிஐசிஐ வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவும் ஆரஞ்சைக் கொண்டிருக்கின்றன. ஆரஞ்சைப் பார்த்து யாரும் பணம் போடத் தயங்கியதாகத் தெரியவில்லை. நம் பங்குச் சந்தைத் திரைகளில் சிவப்பு என்றால் இறக்கம், சீனாவில் ஏற்றம். நிறத்தின் பொருள் பழக்கத்திலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிறது. தமிழ்நாட்டில் கறுப்பும் சிவப்பும் இணைந்தாலோ காவி தூக்கலாக இருந்தாலோ, நீங்கள் நினைக்காத கட்சிக் கொடி ஒன்று பார்ப்பவருக்கு நினைவு வரும் என்பது அந்தப் பட்டியல்களில் இல்லாத, ஆனால் மிகவும் பயனுள்ள செய்தி.

கேள்வி: சிறுகதைகள் வெளியிடும் தளம் ஒன்றை நடத்துகிறேன். கண்ணுக்கு நல்லது, பேட்டரியும் மிச்சமாகும் என்று நண்பர்கள் சொல்வதால் முழுக்கக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றலாமா? (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: பேட்டரி மிச்சமாவது ஓஎல்இடி திரைகளில் மட்டுமே. அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்புப் புள்ளி அணைந்திருக்கும். எல்சிடி திரையிலோ பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால் சொல்லத்தக்க மிச்சம் இல்லை.

கண்ணைப் பொறுத்தவரை, நீண்ட உரையை வெளிச்சமான பின்னணியில் கரிய எழுத்தாகப் படிப்பதே பெரும்பாலோருக்கு எளிது. இருண்ட பின்னணியில் கண்ணின் பாவை விரிவதால், அஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் பார்வை மங்கும் குறை) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரங்கள் கசிந்து தெரியும். தமிழில் இது கூடுதல் தொல்லை, ஏனென்றால் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு, 'ற'வை 'ற்' ஆக்குவதோ ஒரே ஒரு புள்ளி. சுழி அடைபட்டுப் புள்ளி கரைந்தால் வாசிப்பு தடுமாறும். மறுபக்கம், இருட்டறையில் படுத்தபடி படிப்பவருக்கு வெள்ளைத் திரை கூசும் என்பதும் உண்மை.

ஆகவே இரண்டு வண்ணத் தொகுதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் தம் கைப்பேசியில் இருண்ட அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்பதை உலாவி உங்கள் தளத்துக்குத் தெரிவித்துவிடும் என்பதால், அதற்கேற்பத் தொகுதி தானாக மாறும்படி செய்யலாம். இருண்ட தொகுதியில் முழுக் கறுப்பைத் தவிர்த்து, கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி பரிந்துரைக்கும் #121212 போன்ற அடர்சாம்பலின் மேல், தூய வெள்ளைக்குச் சற்றுக் குறைந்த வெளிர்சாம்பல் எழுத்தை வையுங்கள். மெலிந்த எழுத்துருவை விட்டு ஒரு படி தடித்ததை எடுங்கள். வெள்ளையின் மேல் நன்றாகத் தெரிந்த நீல இணைப்புகள் கறுப்பின் மேல் 2.4 என்ற விகிதத்துக்கு இறங்கிவிடுவதால், அங்கே அவற்றை வெளிர்நீலமாக்கி அடிக்கோடும் இட வேண்டும்.