ஏழாம் வகுப்புக்கு ஆசிரியராவது

கேள்வி: இந்த ஆண்டுதான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். பி.எட். பயிற்சியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டுமே பாடம் எடுத்தேன். இந்த ஏழாம் வகுப்பு எனக்குப் பிடிபடவே இல்லை. சடங்கு முடிந்து வந்த ஒரு மாணவி யாரோடும் பேசுவதில்லை. நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பையன் இப்போது எழுந்து நிற்கவே மறுக்கிறான். கும்பகோணத்தில் பி.எட். படிக்கும் என் தங்கையாவது இதற்கு எப்படித் தயாராக வேண்டும், டீச்சர்?
- ஓர் ஆசிரியை, நீடாமங்கலம்

பதில்: அந்தப் பையனுக்குக் குரல் உடைகிறதா என்று கவனியுங்கள் அம்மா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல்வளை வளரும்போது ஒரு வரி தடித்து வரும், அடுத்த வரி கீச்சென்று போகும். ஒரு தடவை வகுப்பு சிரித்துவிட்டால் போதும், அப்புறம் வாயைத் திறக்க மாட்டான். தயவுசெய்து அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குரல் நிலைக்கும்வரை கரும்பலகையில் படம் வரைய, சோதனைக்குப் பொருள் எடுத்துவைக்க அவனைக் கூப்பிடுங்கள். வாசிப்பை உங்கள் மேசைப் பக்கம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணின் நிலைமை இன்னும் சங்கடம். நம் ஊர்களில் மஞ்சள் நீராட்டுக்கு அவள் படத்தைப் போட்டு பிளக்ஸ் வைத்துவிடுகிறார்கள். கூடப் படிக்கிற பையன்கள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். பிறகு எந்த முகத்தோடு அவள் முன்போல ஓடி விளையாடுவாள்? இதில் எனக்குக் கோபமே உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இதைப் பேசுங்கள். பாடப் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ எட்டாம் வகுப்பில்தான் வருகிறது, ஆனால் ஆறாம் வகுப்பிலேயே பூப்பெய்தும் பிள்ளைகள் உண்டு. அதுவரை காத்திருக்காதீர்கள். ஆண், பெண் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, செரிமானம் நடத்துகிற அதே குரலில் உடல் வளர்வதைச் சொல்லுங்கள். பெண்களுக்கு வளர்ச்சி சுமார் இரண்டு ஆண்டு முந்துகிறது, அதனால்தான் ஏழாம் வகுப்பில் பல பெண்கள் உயரம் என்று தெரிந்தால் குட்டையான பையன்களுக்கும் நிம்மதி. அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது வேறு: நாப்கின் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்கலாம், கழிப்பறைக்குப் போகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழக அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின் உண்டு. உங்கள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, தங்கைக்கு வருவோம். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150-க்கு 30 மதிப்பெண் குழந்தை மேம்பாட்டுக்குத்தான். அதை மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்வதை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்னது தெரிந்தவர்களுக்கு எதிரே நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வெட்கம் தெரிவதில்லை. பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி இருக்கிறது. அதில் பாதியையாவது ஆறு, ஏழு, எட்டில் கேட்டு வாங்கட்டும். முதல் சில நாட்கள் பாடம் எடுக்காமல் கடைசி பெஞ்சில் உட்காரட்டும், சத்துணவு நேரத்தில் கூடவே இருக்கட்டும். யார் யாரோடு சேர்கிறார்கள், யாரைச் சேர்ப்பதில்லை, எந்தப் பேச்சுக்கு யார் முகம் மாறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். வழிகாட்டி ஆசிரியர் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடும்போது இந்த நோட்டையும் நீட்டி, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேட்கட்டும்.