கடற்கரைப் பிள்ளைகள் காலேஜுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

ராமநாதபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அட்மிஷன் காலம் வந்துவிட்டால் தொண்டி முதல் சாயல்குடி வரை கரையோர ஊர்களிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டபடியே இருப்பார்கள். இந்த முறை கேள்வி அனுப்பியவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

*"தம்பி, மகனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடச்சிருக்கு. கேமிங் லேப்டாப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எம்பதாயிரம் சொல்றாங்க. நகைய அடகு வச்சு வாங்கிக் குடுக்கவா?"* (மூக்கையூரிலிருந்து ஓர் அம்மா)

அக்கா, நகையை வைக்காதீர்கள். முதல் இரண்டு வருஷம் சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் என்றுதான் பாடம் போகும். இவை எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். கேமிங் லேப்டாப்பின் விலையில் பெரும்பங்கு அந்த கார்டுக்குத்தான் போகிறது. பின்னால் மெஷின் லேர்னிங் பாடம் வந்து ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) தேவைப்பட்டால், பிரவுசரிலேயே புரோகிராம் ஓட்டும் கூகுள் கோலாப் அதை நேர வரம்போடு இலவசமாகவே தருகிறது. ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதும்.

எடையையும் யோசியுங்கள். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும், செங்கல் மாதிரி சார்ஜர் வேறு. தினமும் பஸ்ஸில் சுமக்கப்போவது பிள்ளைதான். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், வகுப்பில் பிளக் பாயின்ட் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஐ5 அல்லது ரைசன் 5 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இதுதான் என் சிபாரிசு. இதில் ரேமை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) ஓடவிட்டு, பக்கத்தில் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். பணம் இடிக்கிறது என்றால் 8 ஜிபியில் வாங்கிவிட்டு அடுத்த வருஷம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: "ரேம் போர்டிலேயே சால்டர் பண்ணியதா (பற்றவைத்ததா), காலி ஸ்லாட் இருக்கிறதா?" சால்டர் பண்ணியது, காலி ஸ்லாட்டும் இல்லை என்றால் பிறகு ஏற்றவே முடியாது.

தம்பி, இதை அம்மா உனக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். விளையாட ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் உன் லேப்டாப்பைப் பார்க்கப்போவதில்லை, நீ எழுதிய புரோகிராமைத்தான் பார்ப்பார்கள்.

*"அண்ணே, நான் பி.காம். எனக்கும் 16 ஜிபி வேணுமா? டேலிய காசு குடுத்து வாங்கணுமா?"* (தங்கச்சிமடம் மாணவி)

வேண்டாம்மா. ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உங்கள் மூன்று வருஷத்துக்குத் தாராளம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் எஜுகேஷனல் மோடு என்று ஒன்று இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமலே பழகலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். பயிற்சிக் கணக்குகளை அந்தத் தேதிகளிலேயே போட்டுப் பழகுங்கள். டேலி விண்டோஸில்தான் ஓடும், அதனால் விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்துத் தரும் மாடலை எடுக்காதீர்கள்.

அசைன்மென்டுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். அதில் செய்த ஃபைலை வேர்டில் திறந்தால் சில நேரம் பக்க அமைப்பு நகர்ந்துவிடும், அதனால் கடைசியில் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுங்கள். காலேஜ் மெயில் ஐடி தந்தால், அதில் மைக்ரோசாஃப்ட் 365 இலவசமாக வருகிறதா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

*"ரைசன் 5 7520யூ ஒண்ணு, 7530யூ ஒண்ணு. நம்பர் பக்கத்துல பக்கத்துல இருக்கு, வெல கொறஞ்சத எடுத்தா என்ன?"* (பனைக்குளம்)

நல்ல வேளை வாங்குவதற்கு முன் கேட்டீர்கள். இந்த வரிசையில் முதல் எண் வெளிவந்த வருஷத்தைத்தான் சொல்கிறது. பார்க்க வேண்டியது மூன்றாவது எண்ணை. 7520-இல் அது 2, அதாவது உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய சிப் வடிவமைப்பு. 7530-இல் 3, அதாவது ஜென் 3. முதலாவதில் நாலு கோர், இரண்டாவதில் ஆறு. அதோடு 7520யூ போட்ட லேப்டாப்பில் ரேம் சால்டர் பண்ணித்தான் வரும். முடிந்தால் 7530யூ எடுங்கள்.

*"அண்ணே, வீடு கடலுக்கு எதுத்தாப்புல. அக்கா லேப்டாப் ரெண்டே வருசத்துல போயிருச்சு. எனக்கும் அப்படித்தான் ஆகுமா?"* (பாம்பன்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மதுரைக்காரர் வாங்கும் அதே லேப்டாப்பை நாமும் வாங்குகிறோம், ஆனால் நம் காற்று வேறு.

போன மாதம் உங்கள் ஊரிலிருந்தே ஒன்று வந்தது. சார்ஜர் பின்னை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்று அந்தப் பெண் சொன்னார். பின்மூடியைக் கழற்றினேன். ஃபேன் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் கனமாக ஒரு பொருக்கு. யுஎஸ்பி போர்ட்டின் பின்களில், தேய்க்காத பித்தளைச் செம்பில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு. ஸ்க்ரூ தலை துருவேறி ஒன்று கழலவே இல்லை. மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கடலைப் பார்த்த ஜன்னலை ஒட்டி, காற்று நன்றாக வரும் என்று போட்டதாம். அந்தக் காற்றைத்தான் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுத்திருக்கிறது.

மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி நீர்விட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். போர்டில் படிந்த உப்புத்தூளும் அப்படித்தான். கரைந்த உப்புநீரில் மின்சாரம் பாயும், செம்பு அரிக்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது. அரிப்பால் வந்த பழுது என்றால் வாரன்டியிலும் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் காப்பாற்ற முடியும். மேசையைக் கடல்பக்க ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் லேப்டாப் ஓடும்போது அந்த ஜன்னலைச் சாத்தியே வையுங்கள். வேலை முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பத்து நிமிஷம் ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பையில் வைத்து ஜிப் போடுங்கள். அந்தப் பொட்டலத்தைச் சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். படகு, கடற்கரை, மீன் ஏலக் கூடம் பக்கம் திறக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை உள்ளே திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். இவ்வளவும் செய்கிற மண்டபத்துப் பையன் ஒருவன் ஆறாவது வருஷமாக ஒரே லேப்டாப்பை வைத்திருக்கிறான்.

*"துபாய்ல இருக்க காக்கா (அண்ணன்) லேப்டாப் அனுப்புறேங்கிறாங்க. அங்க வாங்குனா லாபமா?"* (கீழக்கரை)

வாங்கச் சொல்வதற்கு முன் காக்காவிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு இந்தியாவில் செல்லும் வாரன்டி உண்டா? கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்து இருக்கிறதா? இருந்தால் பழகிவிடும், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். வோல்டேஜில் பிரச்சினை இல்லை. பிளக் மட்டும் சதுர முனை மூன்று பின், இங்கே சார்ஜரின் ஒயரை மட்டும் மாற்றினால் சரி. பார்சலில் அனுப்ப வேண்டாம், லீவில் வரும்போது கையில் கொண்டுவரட்டும். 18 வயது முடிந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம்.

*"சிவில் படிக்கிறேன். சீனியர் ஆட்டோகேட் கிராக் வெர்ஷன் பென்டிரைவ்ல தந்தாரு. போடலாமா?"* (தொண்டி)

போடாதீங்க தம்பி. கிராக் ஃபைலை (லைசென்ஸை உடைத்த திருட்டுப் பிரதியை) போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள் பாருங்கள், வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக் கடலுக்குப் போகிற மாதிரி அது. கடைசி செமஸ்டர் பிராஜெக்ட் முழுக்க பூட்டிக்கொண்டு, திறக்கப் பணம் கேட்டு ஸ்க்ரீனில் எழுத்து வந்த லேப்டாப்பை என் கைக்கு ஒருவர் கொண்டுவந்தார். ஒரு ஃபைலைக்கூட என்னால் மீட்டுத் தர முடியவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

கட்டட வரைபட மென்பொருள்களான ஆட்டோகேட், ரெவிட் இரண்டுமே மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் தளத்தில் இலவசம். படிக்கிறதற்கான அத்தாட்சி கேட்பார்கள், ஒரு வருஷத்துக்குத் தருவார்கள், படிக்கும்வரை புதுப்பிக்கலாம். சிவிலுக்கு 16 ஜிபி ரேம் வைத்துக்கொள்ளுங்கள்.

*"எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். பழைய ஃபைல் எல்லாம் பாமினி எழுத்துல இருக்கு. யூனிகோட் கேட்கிறாங்க."* (தேவிபட்டினம்)

உங்களுக்கு லேப்டாப் எதுவானாலும் போதும், கீபோர்டு மட்டும் கைக்கு இதமாக இருக்கட்டும். பழைய ஃபைல்களுக்கு எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றியதும் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் குழம்பியிருக்கும். இனிமேல் தமிழ் 99 விசைப்பலகையில் பழகுங்கள், விண்டோஸ் 11-இலேயே அது இருக்கிறது. இரண்டு வாரம் தடுமாறும், அப்புறம் விரல் தானாக ஓடும்.

*"அண்ணன் பழைய லேப்டாப் இருக்கு, விண்டோஸ் 10. அதையே வச்சுக்கலாமா?"* (ஏர்வாடி)

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் என்றால் 8-ஆவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு மாறலாம். அதைவிடப் பழசு என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், பைத்தான் எல்லாம் அதில் ஓடும். உள்ளே இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள், வேகம் உடனே தெரியும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியில் (புதிதில் இருந்த கொள்ளளவில்) பாதிக்குக் கீழே வந்துவிட்டதா என்றும் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் புதுசுக்கு இப்போது அவசரமில்லை, அந்தப் பணத்தில் ஹாஸ்டல் ஃபீஸைக் கட்டுங்கள்.