படையை ஆதரிப்பதும் அரசைக் கேட்பதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பகல்காம் படுகொலைக்குப் பிறகு நம் ராணுவம் எடுத்த சிந்தூர் நடவடிக்கையை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் ஊரில் பல பேருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு நீங்களே, ராணுவத்துக்கு நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டத்தைக் குறை சொல்லி எழுதியதைப் பார்த்ததும் மனசு சங்கடப்பட்டது. உங்களைப் போல நானும் தேசம், கோயில், குடும்பம் என்று நினைக்கிறவன். ராணுவ விஷயத்தில் அரசைக் கேள்வி கேட்டால், வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதை ஆகாதா?

இன்னொன்று. என் அக்கா மகன் அந்தத் திட்டத்தில் அக்னிவீரராகச் சேரும் தேர்வுக்காக விடியற்காலையில் வெண்ணாற்றங்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். உங்கள் கட்டுரையைக் கேட்டதிலிருந்து அக்கா வேண்டாம் என்கிறாள். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

தம்பியின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அதிகாலையில் நம் படைகள் பதிலடி கொடுத்தன. அன்று அதை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடி ரூபாயை வீண் செலவு என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வடக்கே இரண்டு எல்லை, தெற்கே கடல். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானப் படைப்பிரிவு வந்து நின்றதே இந்தக் கடலை நினைத்துத்தான். அந்த விமானம் தலைக்கு மேல் போகும்போது, களை பறிக்கிற பெண்கள் ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். எல்லை எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று நம் ஊர்க்காரர்கள் இனிமேல் பேச முடியாது.

அரசைக் கேள்வி கேட்கலாமா என்றீர்களே, அதற்கு வருகிறேன். சண்டை நடக்கும்போது ஒரே குரலில்தான் பேச வேண்டும். அண்ணாவின் அரசியலோடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆனாலும் 1962 இல் சீனா தாக்கியபோது அவர் திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு நேரு அரசின் பின்னால் நின்றதை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

சண்டை முடிந்த பிறகு கேட்காமல் இருக்கக் கூடாது. இதை நான் எதிர்க்கட்சிகளிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை, வாஜ்பாய் அரசிடமிருந்து கற்றுக்கொண்டேன். கார்கில் போர் 1999 ஜூலை 26 அன்று முடிந்தது. மூன்றே நாளில், எங்கே கோட்டை விட்டோம் என்று ஆராய அந்த அரசே ஒரு குழுவைப் போட்டது. தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். ஊடுருவியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாத உளவுத்துறையின் குறைகளை அந்த அறிக்கை மறைக்காமல் எழுதியது. சில பகுதிகளை நீக்கிவிட்டு அதை நாடாளுமன்றத்திலும் வைத்தார்கள். அதே திருச்சியிலிருந்து போன மேஜர் சரவணன் அந்தக் கார்கில் போரில், படாலிக் பகுதியில், மே 29 அன்று உயிரை விட்டார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த உயிருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. வாஜ்பாய் அதைக் கடமையாகவே எடுத்துக்கொண்டார். அன்று யாருக்கு அவல் கிடைத்தது?

அக்னிபத்தை ஆதரிக்கிறவர்கள் இதே அறிக்கையைக் காட்டுவார்கள். படை இளமையாக இருக்க வேண்டும், பணிக்காலத்தைக் குறைக்க வேண்டும் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது சொன்னது ஏழிலிருந்து பத்து ஆண்டுகள். அதன் பிறகு துணை ராணுவத்தில் வேலை கொடுக்கச் சொன்னது. 2022 ஜூனில் வந்த திட்டத்தில் நான்கே ஆண்டுகள், அது முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நீடிக்க முடியும். மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாகக் கிடைக்கிற சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது. ஓய்வூதியம் கிடையாது. பணியில் இறந்தால் காப்பீடாக 48 லட்சமும் கருணைத்தொகையும் உண்டு, வழக்கமான சிப்பாயின் குடும்பத்துக்கு வருகிற ஓய்வூதியம் வராது. துணை ராணுவத்தில் ஒதுக்கீடு என்று அறிவித்திருக்கிறார்கள். ஒதுக்கீடு வேறு, கையில் வேலை வேறு.

ஓய்வூதியச் செலவு பெருகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த 6.81 லட்சம் கோடியில் சுமார் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கே போகிறது. ஆனால் மிச்சம் பிடிக்க வேறு இடமே இல்லையா? மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758 இலிருந்து இருக்கிறது. புதிதாக வந்தவனுக்கு மூத்த ஹவில்தார் வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்துத்தான் அப்படி ஒரு ரெஜிமெண்ட் நிற்கிறது. மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிற நாம் இந்த மரபில் கை வைக்கும்போது பதறாமல் எப்படி இருக்க முடியும்?

எங்கள் பக்கத்துத் தெருவில் மிலிட்டரிக்காரர் வீடு என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அவர் 1971 போரில் இருந்தவர். நவம்பர் வந்தால் ஓய்வூதியத்துக்காக, உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். போன முறை அதைப் பதிவு செய்கிற கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு முழுக்க வயல் வேலை செய்தவர், விரல் ரேகை தேய்ந்து போயிருந்தது. கருவி ரேகையை எடுக்கவில்லை. வேட்டி முனையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்தார். "தாத்தா, நாளைக்கு வாங்க" என்றான் கடைப் பையன். அவர் ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அந்தக் கடை வாசலிலேயே ஏவுகணைப் படமும் தலைவர் படமும் போட்ட ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா. படைவீரர்களின் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2019 இல் தேர்தல் ஆணையமே கட்சிகளுக்குச் சொன்னது. நான் ஓட்டுப் போடுகிற கட்சிக்கும் அது பொருந்தும். படையின் பெருமையை எடுத்துக்கொள்கிறவர்கள் அந்தத் தாத்தாவின் விரலுக்கும் ஒரு வழி பண்ண வேண்டும். இதைச் சொல்வதற்கு ராணுவத்தை நேசிக்கிற நாம்தான் முன்னால் நிற்க வேண்டும். நாம் சொன்னால்தான் இந்த அரசு காது கொடுக்கும்.

தம்பியைப் போகச் சொல்லுங்கள். திட்டத்தில் குறை இருக்கிறது என்பதற்காகச் சீருடைமேல் ஆசைப்படுகிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது. அக்காவிடம் நான்கு ஆண்டுக் கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். தரைப்படை என்றால் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். கரையில் ஓடுவதோடு புல்-அப்ஸும் பழகட்டும். என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் கூடுதல் மதிப்பெண் உண்டு, விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும். பணியில் இருந்துகொண்டே இக்னோ என்கிற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் பட்டம் முடிக்க அக்னிவீரர்களுக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. சேர்ந்த முதல் வருஷமே அதில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். தேர்வானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்