ஒரே மலம், இரண்டு அறிக்கை: எதைக் கேட்பது?

வயிற்று உப்புசத்துக்காக ஒரே நாளில் எடுத்த மலத்தை, குடல் பாக்டீரியாக்களைச் சோதிக்கும் இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்று தயிரையும் நிலக்கடலையையும் நிறுத்தச் சொல்கிறது, மற்றது தினமும் தயிர் சாப்பிட்டு, கூடவே தன் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரையையும் வாங்கச் சொல்கிறது. இரண்டையும் ஓரமாக வையுங்கள். உங்கள் குடல் ஒன்றுதான், அளந்த விதம்தான் வேறு.

சில பாக்டீரியாக்களுக்குச் செல்சுவர் தடிமன். நுண்மணிகளோடு போட்டு நன்றாகக் குலுக்கினால்தான் உடைந்து டிஎன்ஏ வெளியே வரும். அதைச் சரியாகச் செய்யாத ஆய்வகத்தில் அந்த இனம் குறைவாகத் தெரியும். கணக்கு சதவீதத்தில் என்பதால் மற்ற இனங்கள் தானாகவே கூடிவிடும். அப்புறம், ஒருவர் பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் என்ற ஒரு மரபணுவை மட்டும் படிப்பார், இன்னொருவர் மொத்த டிஎன்ஏவையும் படிப்பார். ஆய்வகங்கள் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி பொதுவான மலமாதிரி ஒன்றை வெளியிட்டதே 2025இல்தான். ஆரோக்கியமான குடலுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோலே இல்லாதபோது, அங்கிருந்து தயிருக்குத் தாவுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதுவும் மாத்திரை விற்பவரே அறிவுரையும் சொல்லும்போது!

தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். உப்புசத்துக்குக் குடல் மருத்துவரைப் பாருங்கள். சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையும் மலத்தில் கால்புரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) சோதனையும் தேவையா என்று கேளுங்கள். அதற்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் சீலியாக் இருந்தும் தெரியாமல் போகலாம். மலத்தில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.