பேசினால் மணிக்கணக்கு, எழுதினால் மூன்று வரி

கேள்வி: எங்கள் பிள்ளைகள் இருவரும் மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே படிக்கிறார்கள். மகனுக்கு 9 வயது. நிறைய வாசிக்கிறான், வாய் ஓயாமல் கதை சொல்கிறான். எழுத உட்கார்ந்தால் மட்டும் மூன்று வரியோடு முடிந்துவிடுகிறது. கொடிவேரிக்குப் போய்வந்த பிறகு அவன் எழுதியது: "நாங்கள் கொடிவேரி அணைக்குச் சென்றோம். அங்கு குளித்தோம். மகிழ்ச்சியாக இருந்தது." மகளுக்கு 12 வயது. பக்கம் பக்கமாக எழுதுகிறாள், ஆனால் எல்லாம் பாடநூல் கட்டுரை மாதிரியே இருக்கிறது. பிழை திருத்தினால் இருவருக்கும் முகம் சுருங்கிப்போகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: மகனிடமிருந்து தொடங்கலாம். அந்த மூன்று வரியை அவன் யாருக்கு எழுதினான்? உங்களுக்கு. நீங்களும்தான் கொடிவேரிக்குப் போயிருந்தீர்கள். தண்ணீர் எப்படிக் கொட்டியது, யார் வழுக்கி விழுந்தார், வறுத்த மீனுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கூடவே இருந்த ஆளுக்கு எழுதிக் காட்ட என்ன இருக்கிறது? மூன்று வரி எழுதியதே அம்மா சொன்னாளே என்பதற்காகத்தான்.

வீட்டுக்கல்விப் பிள்ளைகளின் எழுத்து தேங்குவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இது. பாடம் சொல்வதும் அம்மா, வாசிப்பதும் அம்மா, திருத்துவதும் அம்மா. விஷயம் தெரியாத ஒருவர், தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒருவர், வாசகராக அவனுக்குக் கிடைப்பதே இல்லை. அதை ஏற்பாடு செய்வதுதான் உங்களுடைய பெரிய வேலை. ஆனால் அதற்கு முன் கையின் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும்.

9 வயதுப் பிள்ளை எழுதும்போது ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. எழுத்தின் வடிவம் சரியாக வர வேண்டும், எந்த 'ன' என்று யோசிக்க வேண்டும், அடுத்து சொல்ல வந்ததை மறக்காமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். தமிழில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. மனதில் ஓடுவது பேச்சுத் தமிழ், நோட்டில் வர வேண்டியது எழுத்துத் தமிழ். "தண்ணி சொய்ங்னு கொட்டுச்சு" என்று மனதுக்குள் ஓடியதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவன் அதை அப்படியே விட்டுவிடுகிறான். தப்பு வராது என்று உறுதியாகத் தெரிந்த சொற்கள் மட்டும்தான் நோட்டுக்கு வருகின்றன. "மகிழ்ச்சியாக இருந்தது" அப்படி வந்த வாக்கியம்.

அதனால் சில மாதங்களுக்கு எழுதுகிற கை உங்களுடையதாக இருக்கட்டும். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். சொன்னதைச் சொன்னபடியே, பேச்சுத் தமிழிலேயே. நடுவில் சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இல்லம்மா, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு நடந்துச்சு" என்று பெரும்பாலும் அவனே குறுக்கிடுவான். எழுதியதைத் திரும்பப் பார்த்துச் செம்மை செய்யும் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் அதற்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்.

எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதை மறுநாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யலாம். அவன் சொன்னது இப்படி இருக்கலாம்: "தண்ணி சொய்ங்னு கொட்டுச்சு. அப்பா கால் வழுக்கி உக்காந்துட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு, ஆனா காதெல்லாம் செவந்துருச்சு." மாற்றிய பிறகு: "தண்ணீர் சொய்ங்கென்று கொட்டியது. அப்பா கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் காதெல்லாம் சிவந்துவிட்டது." சொற்களும் வரிசையும் அவனுடையவை, உருவம் மட்டும்தான் மாறியிருக்கிறது. 'சொய்ங்' இருந்த இடத்தில் 'பேரிரைச்சலுடன்' என்று போட உங்களுக்குக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து போடாதீர்கள், அந்த நிமிடமே அது உங்கள் கட்டுரை ஆகிவிடும். மனிதர்கள் பேசிக்கொள்வதை மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழிலேயே விடலாம் என்றும் சொல்லுங்கள். தமிழ்க் கதைகளில் நடப்பதும் அதுதானே. இது தெரிந்ததும் பல பிள்ளைகளுக்குப் பக்கம் தானாக நீளும்.

9 வயதிலும் நானே எழுதிக் கொடுப்பதா என்று தோன்றலாம். வீட்டுக்கல்விக் குடும்பங்களில் பலர் இன்றும் பின்பற்றும் இங்கிலாந்துக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923), ஒரு பகுதியை ஒரே ஒருமுறை வாசித்துவிட்டு அதைப் பிள்ளையின் சொந்தச் சொற்களில் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார். எழுதிக் கொடுக்கச் சொல்வது ஏறத்தாழ 10 வயதை ஒட்டித்தான். ஆகவே உங்கள் மகன் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. மெல்ல மெல்லக் கைமாற்றுங்கள். முதலில் கடைசி வாக்கியம் மட்டும் அவன் எழுதட்டும், அப்புறம் கடைசிப் பத்தி. கைபேசியில் தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியையும் இடையிடையே கொடுத்துப் பார்க்கலாம். அது தப்பும் தவறுமாக எழுதி வைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருத்துகிற பிள்ளைகள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. புத்தகத்தைப் பார்த்து எழுதும்போதும் கை வலிக்கிறது என்கிறானா, எழுத்துகளின் அளவும் இடைவெளியும் தொடர்ந்து தாறுமாறாக வருகின்றனவா? அப்படியானால் சோம்பல் என்று முடிவுகட்டாமல், கற்றல் குறைபாடுகளைக் கவனிக்கும் வல்லுநரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி வாசகர். பிரான்சின் தெற்கே பார்-சுர்-லூ என்ற ஊரில் செலஸ்தென் ஃப்ரெனே என்று ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டவர், வகுப்பில் நெடுநேரம் பேச முடியாது. 1924-ஆம் ஆண்டுவாக்கில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதினார்கள், அவர்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அச்சடித்த தாள்கள் நாட்டின் இன்னொரு மூலையில், பிரிட்டனியில் இருந்த ஒரு பள்ளிக்குப் போயின. தங்கள் ஊரையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டும் என்றால் எதையும் 'நன்றாக இருந்தது' என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

உங்களுக்கு அச்சு இயந்திரம் தேவையில்லை, அஞ்சலட்டை போதும். விலை இன்னும் 50 காசுதான். அதில் இடம் குறைவு என்பது 9 வயதுக்கு ஒரு வசதி, ஏனென்றால் அட்டை சீக்கிரம் நிரம்பிவிடும். உங்களோடு வராத அத்தைக்கோ, வேறு ஊரில் இருக்கும் மாமா மகனுக்கோ எழுதட்டும். ஆனால் கடிதம் பெறுபவரிடம் நீங்கள் தனியாக ஒன்று சொல்லி வைக்க வேண்டும்: பிழை சொல்ல வேண்டாம், 'சூப்பர்' என்றும் சொல்ல வேண்டாம், பதிலில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "அப்பா விழுந்தப்ப நீ எங்கே நின்னுட்டு இருந்தே?" என்று அத்தை கேட்டால் அடுத்த கடிதத்தில் அதற்கு இடம் வந்துவிடும். பாராட்டோடு ஒரு கடிதம் முடிந்துபோகும், கேள்வி வந்தால் அது தொடரும்.

வீட்டுக்குள்ளேயும் விஷயம் தெரியாத வாசகரை உண்டாக்கலாம். எலுமிச்சை சாதம் செய்வது எப்படி என்று அவன் எழுதட்டும், அதை அப்பா எழுத்துக்கு எழுத்து பின்பற்றிச் சமைக்கட்டும். உப்பு போடச் சொல்ல மறந்திருந்தால் உப்பில்லாமலே தட்டுக்கு வரட்டும். எழுதாமல் விட்டது வாசிப்பவருக்குத் தெரியாது என்பது ஒரு வாயிலேயே புரிந்துவிடும். அக்காவும் தம்பியும் சேர்ந்து எழுத ஆசைப்பட்டால், அஞ்சல் துறை ஆண்டுதோறும் நடத்தும் கடிதப் போட்டி இருக்கிறது. 18 வயது வரையிலானவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, தமிழிலும் எழுதலாம்.

திருத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவன் சொல்ல வந்ததை எழுதியிருக்கும் தாளில் பேனா வைக்காதீர்கள். பிழைதிருத்தத்துக்கென்று வேறொரு நேரம், பத்து நிமிடம் போதும். அவனுக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து நான்கைந்து வரி சொல்லுங்கள், எழுதட்டும், அவனே மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். ண, ன, ந குழப்பத்தில் பாதி ஒரே விதியில் தீர்ந்துவிடும்: ஒரு சொல்லுக்குள் ட-வுக்கு முன்னால் வருவது 'ண்' (வண்டு), ற-வுக்கு முன்னால் வருவது 'ன்' (கன்று), த-வுக்கு முன்னால் வருவது 'ந்' (பந்து). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பழைய வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ல, ள, ழ, ர, ற எல்லாம் வாசித்து வாசித்துக் கண்ணில் படிய வேண்டியவை. வல்லினம் மிகும், மிகாது என்பதை இந்த வயதில் தொடவே வேண்டாம். பெரியவர்களே அதில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மகளுடைய பிரச்சினை வேறு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற அச்சு அவளுக்குக் கச்சிதமாகப் பழகிவிட்டது. இப்போது தலைப்பைப் பார்த்ததும் வாக்கியங்கள் தாமாக வந்து விழுகின்றன, அவள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'மழையின் பயன்கள்' என்று கொடுத்தால் பாடநூல்தான் வரும். 'ஒரு மணி நேரம் அடைமழை பெய்தால் நம் தெருவில் யார் யாருக்கு என்ன ஆகும்' என்று கேட்டுப் பாருங்கள். எழுதி முடித்ததும் முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

உங்களோடு அவளுக்கு ஏதாவது வழக்கு இருக்கும். தனி அறை, இரவு எத்தனை மணிக்குத் தூங்குவது, இப்படி. அதை மனுவாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் எழுத்திலேயே பதில் கொடுங்கள். நியாயம் அவள் பக்கம் இருந்தால் விட்டுக்கொடுத்துவிடுங்கள். தன் எழுத்து ஒரு காரியத்தைச் சாதித்தது என்று அவள் பார்த்தாக வேண்டும்.

நடை மெருகேற பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளவயதில் தனக்குத்தானே செய்துகொண்ட பயிற்சியை அவளுக்குச் சொல்லலாம். நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் குறிப்புகளை மட்டும் வைத்துத் தன் சொற்களில் திரும்ப எழுதுவார். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைப் பார்ப்பார். நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றை வைத்து மாதம் ஒருமுறை செய்தால் போதும். இதில் திருத்துபவர் யாரும் கிடையாது, அவளுக்கு அது பிடிக்கும். கூடவே நீங்கள் ஒருபோதும் திறக்காத ஒரு நோட்டும் அவளிடம் இருக்கட்டும்.

தேர்வுக்கு வருவோம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்யலாம், தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளும் உண்டு. மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. தேர்வுக் கட்டுரையின் அச்சு ஏற்கெனவே அவள் கையில் இருப்பதால், கடைசி மூன்று, நான்கு மாதங்களில் பழைய வினாத்தாள்களை வைத்து நேரம் பார்த்து எழுதிப் பழகினால் போதும். மகனுக்கு அந்த அச்சை இப்போதே காட்ட வேண்டாம். அவன் அத்தைக்கு எழுதிக்கொண்டிருக்கட்டும்.